19 இல் நின்றுபோன கணக்கு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. கணக்குப் பற்றியது என்றதும் தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவருக்கும் விளங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். இதில் என் பிழை ஒன்றும் இருக்கிறது.

போன வாரம் சுருவிலில் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தா. பெடியன் தரம் 8.

"சேர், இவனுக்குக் கணக்கு ஏறுதில்லை. என்னை மாதிரித்தான். எனக்கும் கணக்கு வராது தானே" எண்டு சொல்லிச் சிரிச்சா.

அந்தத் தாயும் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இரவு முழுக்க நித்திரை தரவில்லை. ஏனென்றால் அவவுக்குக் கணக்கு வராது என்பது பொய். அந்தப் பொய்யை அவவின் மனதில் போட்டவன் நான். அவவிடம் கேட்டு, அவவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அப்போது அவ தரம் 9. ஒரு நாள் பாடம் முடிந்த பிறகு கொப்பியோடு மேசைக்கு வந்தா. இரண்டின் வலுக்களை எழுதி, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்திருந்தா.

2^2 − 1 = 3
2^3 − 1 = 7
2^5 − 1 = 31
2^7 − 1 = 127

"சேர், மேல இருக்கிற எண் முதன்மை எண் எண்டா, வாற விடையும் முதன்மை எண்ணாத்தான் வருது. எப்பவும் அப்பிடித்தானோ?"

எனக்குப் பண்ணைப் பாலம் தாண்டிப் போகிற பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். தவணைப் பரீட்சையும் கிட்ட. "இது பாடத்திட்டத்தில இல்லைப் பிள்ளை, இருக்கிறதைப் படி" என்றேன். தவணை முடிவில் கொப்பி திருத்தும்போது கடைசிப் பக்கத்தில் 2047 என்று எழுதி, 3, 5, 7, 11, 13, 17, 19 என ஏழு எண்களால் வகுத்துப் பார்த்திருந்தா. ஒன்றிலும் மீதியின்றி வகுபடவில்லை. 19 ஓடு நிறுத்தியிருந்தா. நான் என்ன செய்தேன் தெரியுமா? தேவையில்லாத வேலை என்று அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு அவ என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி. பல வருடம் பிந்திவிட்டது.

முதலில் ஒரு ஞாபகமூட்டல். 1 ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுகிற, 1 ஐ விடப் பெரிய எண்தான் முதன்மை எண். 2, 3, 5, 7, 11, 13 இப்படிப் போகும். இந்தியப் புத்தகங்களில் பகா எண் என்பார்கள். இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே யூக்ளிட் நிறுவிவிட்டார். ஆனால் ஒரு பெரிய எண்ணை நீட்டி "இது முதன்மை எண்ணா?" என்று கேட்டால் மறுமொழி சொல்வது லேசு இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது.

எங்கள் பிள்ளை கேட்ட கேள்வியைப் பெரிய பெரிய ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். 2047 முதன்மை எண் அல்ல என்று 1536 இல் ரெகியஸ் என்பவர் காட்டினார். 2047 = 23 × 89.

கவனியுங்கள். 19 க்கு அடுத்த முதன்மை எண் 23. அந்தப் பிள்ளை இன்னும் ஒரேயொரு வகுத்தல் செய்திருந்தால் விடை கையில் விழுந்திருக்கும். நான் சிவப்புக் கோடு போட்டது அந்த ஒரு வகுத்தலுக்கு முன்னால்.

இன்னொன்றும் உண்டு. பிரான்ஸ் நாட்டு பெர்மா 1640 அளவில் கண்ட விதி இது: 2 இன் வலு p ஆகவும், p ஓர் ஒற்றை முதன்மை எண்ணாகவும் இருந்தால், 2^p − 1 ஐ வகுக்கக்கூடிய முதன்மை எண் எதுவும் 2p இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும். இங்கே p = 11. ஆகவே 22 இன் மடங்கோடு 1: 23, 45, 67, 89 என்று போகும். 2047 இன் வர்க்கமூலம் 45 சொச்சம், அதற்குள் பார்த்தால் போதும். 45 முதன்மை எண் அல்ல. மிஞ்சுவது 23 மட்டுந்தான். ஒரே ஒரு வகுத்தல், வேலை முடிந்தது. 127 க்கு இன்னும் சுகம். 14 இன் மடங்கோடு 1 என்றால் முதலாவதே 15. 127 இன் வர்க்கமூலம் 11 சொச்சம். பார்க்க ஒன்றுமே இல்லை, 127 முதன்மை எண்தான்.

1644 இல் மேர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி, 257 வரையிலான வலுக்களில் எவை முதன்மை எண்ணைத் தரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இன்றைக்கும் இந்த வகை எண்களுக்கு அவர் பெயர்தான். ஆனால் அந்தப் பட்டியலில் ஐந்து பிழை. 67, 257 இரண்டும் இருக்கக்கூடாது. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 67 பிழை என்று 1876 இல் தெரிந்தது, ஆனால் காரணிகள் தெரியவில்லை. 1903 இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டமொன்றில் கோல் என்ற பேராசிரியர் அவற்றைக் காட்டினார்: 193707721 × 761838257287. அவர் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் இருந்தார் என்றும், அதைக் கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன என்றும் சொல்வார்கள்.

மேர்சேனின் பெயர் பிழையோடு சேர்ந்தே நிலைத்தது. யாரும் அதன் குறுக்கே கோடு போடவில்லை. திருத்தினார்கள்.

இனி அந்தப் பட்டியலில் உள்ள பெரிய எண்ணுக்கு வருவோம். 2^127 − 1. முழுதாக எழுதினால் இப்படி:

170141183460469231731687303715884105727

39 இலக்கம். இது முதன்மை எண் என்று 1876 இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் நிறுவினார். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால், செக்கனுக்கு நூறு கோடி வகுத்தல் செய்கிற யந்திரத்துக்குக்கூட நானூறு வருடத்துக்கு மேல் எடுக்கும். லூக்கா வகுக்கவே இல்லை. வேறு வழி கண்டார். அதை லெமர் என்ற அமெரிக்கர் 1930 அளவில் சுருக்கித் தந்தார். அந்த வடிவத்தைச் சொல்கிறேன், பிள்ளைகள் செய்து பார்க்கலாம்.

4 இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2 ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை மீண்டும் வர்க்கித்து 2 ஐக் கழியுங்கள். இப்படி வலுவிலும் இரண்டு குறைவான தடவை செய்ய வேண்டும். முடிவில் 0 வந்தால் முதன்மை எண். வராவிட்டால் இல்லை.

31 க்கு வலு 5, ஆகவே மூன்று தடவை. 4 இலிருந்து 14. 14 இலிருந்து 194, அதை 31 ஆல் வகுத்தால் மீதி 8. 8 இலிருந்து 62, மீதி 0. சரி.

127 க்கு ஐந்து தடவை: 14, 67, 42, 111, 0. சரி.

2047 க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 வருகிறது. 0 இல்லை. ஆகவே முதன்மை எண் இல்லை. காரணி என்ன என்று தெரியாமலே சொல்லிவிடலாம். அதுதான் இதில் உள்ள அதிசயம். 39 இலக்க எண்ணுக்கும் 125 தடவை செய்தால் போதும். கையால் செய்ய மலைபோல வேலைதான், ஆனால் மனிசனால் முடிகிற வேலை.

இந்த எண்ணுக்கு இன்னொரு அழகு. 2 இல் தொடங்குங்கள். 2^2 − 1 = 3. 2^3 − 1 = 7. 2^7 − 1 = 127. 2^127 − 1 இதுதான். ஒவ்வொரு விடையும் அடுத்ததற்கு வலுவாகிறது, எல்லாம் முதன்மை எண்கள். அடுத்த படி? இந்த 39 இலக்க எண்ணையே வலுவாகப் போட்டால் வருவது முதன்மை எண்ணா? இன்று வரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தரம் 9 பிள்ளை கேட்ட கேள்வியின் கிளை ஒன்று இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

1876 இலிருந்து 1951 வரை, எழுபத்தைந்து வருடம், மனிதருக்குத் தெரிந்த ஆகப் பெரிய முதன்மை எண் இதுதான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். இந்தக் கதையின் ஒரு வேர் கெய்ரோவில் இருக்கிறது.

இப்னுல் ஹைதம் என்ற பெயரை இஸ்லாமிய வரலாறு படித்த பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். 965 அளவில் பஸ்ராவில் பிறந்தவர், 1040 அளவில் கெய்ரோவில் மௌத்தானவர். ஒளியியலுக்காகத்தான் அவரைத் தெரியும். ஆனால் எண்களிலும் அவர் கை வைத்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கு ஒன்று இப்படி: 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும், 7 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அந்த எண் எது?

முட்டைக் கூடைக் கணக்கு என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இரண்டு இரண்டாக எண்ணினாலும், மும்மூன்றாக எண்ணினாலும், ஆறாறாக எண்ணினாலும் ஒரு முட்டை மிஞ்சும். ஏழேழாக எண்ணினால் சரியாக முடியும். ஆகச் சிறிய விடை 301. ஆனால் இப்னுல் ஹைதம் காட்டிய வழிகளில் ஒன்று வேறு: 1 × 2 × 3 × 4 × 5 × 6 = 720. ஒன்றைக் கூட்டினால் 721. அது 7 × 103.

7 க்கு மட்டும் இல்லை, எந்த முதன்மை எண்ணுக்கும் இது சரிவரும் என்பதுதான் விசயம். முதன்மை எண்ணுக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் பெருக்கி 1 ஐக் கூட்டினால் அந்த முதன்மை எண்ணால் வகுபடும். 5 க்குப் பாருங்கள்: 1 × 2 × 3 × 4 = 24, கூட்ட 1, 25. வகுபடுகிறது. 6 க்குப் பாருங்கள்: 120 கூட்ட 1, 121. வகுபடாது. முதன்மை எண்ணுக்கு மட்டுமே நடக்கிற சங்கதி இது.

எழுநூறு வருடத்துக்குப் பிறகு, 1770 இல், எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒரு புத்தகத்தில் இதையே தன் மாணவர் ஜோன் வில்சனின் பெயரில் வெளியிட்டார். இருவராலும் நிறுவ முடியவில்லை. 1771 இல் லக்ராஞ் நிறுவினார். பாடப் புத்தகங்களில் இன்றும் அது வில்சன் தேற்றம்தான். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அறிவு ஊர் ஊராகப் போகும், பெயர் வழியில் மாறும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரையும் சொல்லிக்கொடுக்கலாம் தானே.

இப்னுல் ஹைதம் நிறைவெண்களையும் ஆராய்ந்தார். 6 இன் காரணிகள் 1, 2, 3. கூட்டினால் 6. 28 உம் அப்படித்தான். 2^p − 1 வகை முதன்மை எண் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டியிருந்தார். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே அப்படித்தான் வர வேண்டும் என்று நிறுவ முயன்றவர் இப்னுல் ஹைதம். அவரால் முழுதாக முடியவில்லை. 18 ஆம் நூற்றாண்டில் ஒயிலர் முடித்துவைத்தார். கெய்ரோவில் அவர் யூக்ளிட்டின் நூலைப் பிரதி எடுத்து, அந்த வருமானத்தில் வாழ்ந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கையெழுத்தில் பிழைத்த மனிதர், முடிக்க முடியாத கணக்கையும் விட்டுவிடாமல் எழுதி வைத்தார்.

இனி எங்கள் தமிழ் மண்ணுக்கு வருவோம். கணிதம் என்றதும் எல்லோரும் ராமானுஜன் என்பார்கள். நான் சொல்லப்போவது வேறொருவர். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ். எஸ். பிள்ளை என்றால் எண் கணிதக்காரர் உலகம் முழுக்க அறிவார்கள். எங்களுக்குத்தான் தெரியாது.

1901 ஏப்ரல் 5 இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் தகப்பனும் போய்விட்டார். படிப்பு அத்தோடு நின்றிருக்க வேண்டும். அப்போது சாஸ்திரியார் என்ற ஆசிரியர், செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இவரது கெட்டித்தனத்தைக் கண்டு வைத்திருந்தவர், தன் சம்பளத்திலிருந்து காசு கொடுத்துப் படிக்க வைத்தார். பிள்ளை நாகர்கோவில் ஸ்கொட் கிறிஸ்தவக் கல்லூரிக்கும், பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்கும் போனார். அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி.

சாஸ்திரியார் சம்பளத்தைக் கொடுத்தார். என்னால் ஐந்து நிமிடம் கொடுக்க முடியவில்லை. இதை வாசித்த அன்று எனக்கு இதுதான் தைத்தது.

1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1941 வரை அங்கேதான். எங்கள் நாட்டு விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அதே பல்கலைக்கழகத்தில் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

1930 இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் பிள்ளை ஒரு கேள்வி போட்டார். இப்னுல் ஹைதமின் 721 இன் வழியில் வந்த கேள்வி. ஓர் எண் வரைக்கும் எல்லாவற்றையும் பெருக்கி 1 ஐக் கூட்டுங்கள். வருவதை வகுக்கிற முதன்மை எண்களைப் பாருங்கள். அவை எல்லாம் அந்த எண்ணின் மடங்கோடு 1 ஆகத்தான் இருக்குமா?

செய்து பார்ப்போம்.

4 வரை: 25 = 5 × 5. 5 என்பது 4 உம் 1 உம்.
5 வரை: 121 = 11 × 11. 11 என்பது 10 உம் 1 உம்.
6 வரை: 721 = 7 × 103. 7 என்பது 6 உம் 1 உம், 103 என்பது 102 உம் 1 உம். 102 உம் 6 இன் மடங்கு.
7 வரை: 5041 = 71 × 71. 71 என்பது 70 உம் 1 உம்.

எவ்வளவு வடிவாகப் போகிறது பாருங்கள். எங்கள் பிள்ளையின் 3, 7, 31, 127 மாதிரி. இப்போது 8 வரை: 40321 = 61 × 661. 61 இல் 1 ஐக் கழித்தால் 60. அது 8 ஆல் வகுபடாது. முறிந்துவிட்டது.

ஆகவே பிள்ளையின் கேள்விக்கு மறுமொழி "இல்லை". ஆனால் கேள்வி சாகவில்லை. இப்படி ஒத்துவராமல் நிற்கிற முதன்மை எண்கள் எவை, எத்தனை என்று பிறகு வந்தவர்கள் தேடினார்கள். அவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று நிறுவினார்கள். அவற்றுக்குப் "பிள்ளை முதன்மை எண்கள்" என்றே பெயர் வைத்தார்கள். அவற்றில் ஆகச் சிறியது எது தெரியுமா?

23.

14 வரை பெருக்கி 1 ஐக் கூட்டினால் 87178291201. அது 23 ஆல் வகுபடும். 22 ஆனால் 14 இன் மடங்கு இல்லை. எங்கள் பிள்ளை 19 ஓடு நின்றாவே, அதற்கு அடுத்த அதே 23.

பிள்ளையின் பெரிய சாதனை இன்னொன்று. வில்சன் தேற்றம் வந்த அதே 1770 புத்தகத்தில் வாரிங் வேறொன்றும் சொல்லியிருந்தார். எந்த எண்ணையும் நான்குக்கு மேற்படாத வர்க்கங்களின் கூட்டாகவும், ஒன்பதுக்கு மேற்படாத கனங்களின் கூட்டாகவும் எழுதலாம் என்றும், மேலே உள்ள வலுக்களுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்றும். 23 ஐ எடுங்கள். 8 + 8 கூட்ட ஏழு 1. ஒன்பது கனங்கள், அதிலும் குறையாது. ஆறாம் வலுவுக்கு 73 போதும் என்று 1940 இல் நிறுவியவர் பிள்ளை. 703 என்ற எண்ணுக்கு 73 வேண்டும் என்று நாங்களே காணலாம்: பத்து 64, மிச்சம் 63 ஒன்றுகள். எந்த எண்ணுக்கும் அதற்கு மேல் வேண்டாம் என்று காட்டுவதுதான் பெரும் பாடு. பொதுவாக மேல் வலுக்களுக்கு எத்தனை வேண்டும் என்ற சூத்திரத்தில் அவரும் அமெரிக்காவின் டிக்சனும் ஒருவர் உதவியின்றி ஒருவர் ஒரே காலத்தில் முன்னேறினார்கள்.

பிறகு திருவிதாங்கூர், அதன் பிறகு கல்கத்தா. 1950 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருடம் இருக்க அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்கிற உலகக் கணித மாநாட்டுக்கும் போவதாக இருந்தது. 1950 ஓகஸ்ட் 31. கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்துக்குள்ளேயே விழுந்தது. 55 பேரும் போய்விட்டார்கள். பிள்ளைக்கு வயது 49.

இப்னுல் ஹைதம் 721 ஐ எழுதிய நாட்டின் மண்ணில், அந்த 721 இன் வழியே கேள்வி கேட்ட தமிழரின் உயிர் போனது. இதற்கு அர்த்தம் தேடவேண்டாம். ஆனால் மறக்கவும் என்னால் முடியவில்லை. அவரது எழுத்துகள் எல்லாம் தொகுக்கப்பட்டு 2010 இல்தான் வெளிவந்தன.

அவர் பிறந்தபோதும் ஆகப் பெரிய முதன்மை எண் 2^127 − 1. அவர் போனபோதும் அதுதான். அடுத்த வருடமே அது முறியடிக்கப்பட்டது. அதன் பின் கணினிகள் வந்துவிட்டன.

இனி கடைசிக் கட்டம். இப்னுல் ஹைதமின் விதியால் எந்த எண்ணையும் சோதிக்கலாம், ஆனால் பெரிய எண்ணுக்கு அத்தனையையும் பெருக்கி முடிக்க ஆயுள் போதாது. லூக்காவின் வழி விரைவானது, ஆனால் 2^p − 1 வகைக்கு மட்டும். எந்த எண்ணுக்கும் பொருந்துகிற, விரைவான, சந்தேகம் இல்லாத, நிறுவப்படாத எதையும் நம்பியிருக்காத ஒரு சோதனை உண்டா? நீண்ட காலமாக யாருக்கும் கிடைக்கவில்லை.

2002 ஓகஸ்டில் மறுமொழி கான்பூர் ஐ.ஐ.டி இலிருந்து வந்தது. மணீந்திர அகர்வால் என்ற பேராசிரியரும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும். அந்த இரண்டு பேரும் அப்போதுதான் முதற்பட்டம் முடித்தவர்கள். மாணவர் செயற்றிட்டமாகத் தொடங்கியது. ஒன்பது பக்கக் கட்டுரை. உலகம் திரும்பிப் பார்த்தது. 2006 இல் கேடல் பரிசு கிடைத்தது. ஓர் ஆசிரியர் தன் மாணவர்களின் கேள்வியோடு கூட நடந்தால் என்ன வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைக்குத் தெரிந்த மிகப் பெரிய முதன்மை எண்களும் எங்கள் பிள்ளையின் வகைதான். 2024 ஒக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் கண்டது 2^136279841 − 1. அதில் 41024320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3000 இலக்கம் அச்சடித்தாலும் பதின்மூவாயிரம் பக்கம் தாண்டும். அதையும் உறுதி செய்தது, 4 இல் தொடங்கி வர்க்கித்து 2 ஐக் கழிக்கிற அதே முறைதான்.

"இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்பீர்கள். கனடாவில் இருக்கிற பிள்ளையோடு வாட்ஸ்அப்பில் கதைக்கிறீர்களே, அந்தக் கதையை இடையில் ஒருவரும் ஒட்டுக்கேளாமல் பூட்டுகிற கணக்கு ஒரு பெரிய முதன்மை எண்ணில்தான் நடக்கிறது: 2^255 − 19. 77 இலக்கம். கடைசியில் கழிக்கிற எண்ணைப் பாருங்கள். 19. எங்கள் பிள்ளை நின்ற இடம்.

ஆனால் பிரயோசனத்துக்காக இதை எழுதவில்லை. இப்னுல் ஹைதமோ லூக்காவோ பிள்ளையோ தொலைபேசிக்காகக் கணக்குச் செய்யவில்லை.

நேற்று அந்தத் தாயைத் திரும்பச் சந்தித்தேன். ஒரு கடதாசியில் 2047 ÷ 23 என்று எழ்திக் கொடுத்தேன். மகனுக்குப் பக்கத்தில் இருந்து அவவே வகுத்தா. 89 வந்தது. மீதி இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டா:

"அப்ப சேர், நான் நினைச்சது பிழை."

"ஓம் பிழைதான்," என்றேன். "மேர்சேனும் பிழை விட்டவர். கேள்வி சரி. பிழை விட்டது நான்."

"விடுங்கோ சேர்" எண்டா. மகன் அந்தக் கடதாசியை இழுத்து 2^13 − 1 ஐ எழுதத் தொடங்கிவிட்டான்.

பெற்றோரே, "எனக்கும் கணக்கு வராது" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். அது உங்களுக்கு யாரோ சொல்லித் தந்த பொய்யாக இருக்கலாம். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்களே, பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியோடு ஒரு பிள்ளை வந்தால் பஸ்ஸை விட்டுவிடுங்கள். அடுத்த பஸ் வரும். அந்தப் பிள்ளை திரும்ப வராது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: 2^13 − 1 = 8191. 26 இன் மடங்கோடு 1 ஆக வருகிற முதன்மை எண்களால் மட்டும், 90 வரைக்கும் வகுத்துப் பாருங்கள். எத்தனை வகுத்தல் தேவைப்பட்டது, என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றுக்கும் மறுமொழி தருவேன். சிவப்புப் பேனை பாவிக்கமாட்டேன்.